வெளுத்ததெல்லாம் பாலல்ல: தாவரப் பாலுக்கு மாறும் முன்

பசும்பாலை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அதற்குப் பதில் எந்தப் பால் நல்லது?" என்பதுதான். இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. அந்த இடத்தில் பால் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். காபியில் அது கசப்பைத் தணிக்கிறது, சாஸுக்குக் குழைவு தருகிறது, தயிரில் அதன் புரதம்தான் கட்டியாக உறைகிறது. வளரும் பிள்ளைக்கோ அதுவே புரதம், கால்சியம், வைட்டமின் பி12 எல்லாம். நாக்குக்கு ஒத்துப்போகும் மாற்று உடம்புக்கும் போதும் என்று நினைத்துவிடுவதுதான் ஆலோசனைக்கு வருபவர்களிடம் அதிகம் காணும் பிழை.

பசும்பால் 100 மி.லி.யில் சுமார் 3.3 கிராம் புரதம் உண்டு. சோயா பால் ஏறக்குறைய அதே அளவைத் தந்துவிடும். ஓட்ஸ் பாலில் 1 கிராம் தேறினால் அதிகம். கடையில் விற்கும் பாதாம் பாலில் அரை கிராம்தான் இருக்கும். காரணம், பல பாக்கெட்டுகளில் பாதாமின் அளவே 2 முதல் 3 சதவீதம்தான், மீதி தண்ணீர். தேங்காய்ப் பாலில் புரதம் குறைவு. கொழுப்பு ஏராளம், அதிலும் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ருசிக்காக எதை வேண்டுமானாலும் குடிக்கலாம். புரதத்துக்காகப் பால் குடித்தவர் மாற வேண்டியது சோயாவுக்கு.

சோயா பாலை வீட்டில் எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது பச்சை வாடை. ஊறிய பயறைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது லைப்பாக்சிஜினேஸ் என்ற நொதி கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்பிவிடுகிறது. 100 கிராம் சோயாவை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, 80 டிகிரிக்கு மேல் சூடான 800 மி.லி. நீர் விட்டு அரைத்தால் நொதி அங்கேயே செயலிழந்துவிடும். வெந்நீர் தாங்கும் மிக்ஸி ஜாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டாமல் ஆவி வெளியேற வழி விடுங்கள்.

இரண்டாவது பிழைதான் உடம்பைப் படுத்துவது. வடிகட்டிய பாலை அடுப்பில் வைத்தால் கொதிநிலைக்கு முன்பே நுரைத்துப் பொங்கும். சோயாவில் உள்ள, நுரை எழுப்பும் சப்போனின் என்ற பொருள் செய்யும் வேலை அது, கொதி அல்ல. பொங்கியதும் இறக்கினால், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் அப்படியே இருக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். நுரை அடங்கி உண்மையில் கொதிக்கத் தொடங்கிய பிறகு, கிளறிக்கொண்டே குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

ஓட்ஸ் பாலுக்கு விதி நேர் எதிர். சூடு ஆகாது, ஊறவைக்கவும் கூடாது. 80 கிராம் ஓட்ஸ், ஒரு லிட்டர் ஐஸ் தண்ணீர், 30 விநாடி அரைப்பு, அவ்வளவுதான். அதிகம் அரைத்தாலும் துணியில் போட்டுப் பிழிந்தாலும் மாவுச்சத்து இறங்கிக் கொழகொழத்துவிடும். இதைக் காய்ச்சினால் கஞ்சியாகிவிடும். கடையில் வாங்குவது அப்படி ஆகாததற்குக் காரணம், ஆலையில் அமைலேஸ் நொதி சேர்த்து மாவுச்சத்தை உடைத்துவிடுகிறார்கள். அப்போது மால்டோஸ் என்ற சர்க்கரை உருவாகிறது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வரியை மட்டும் நம்பாமல், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மொத்தச் சர்க்கரை அளவையும் படிக்க வேண்டும்.

காபியில் தாவரப் பால் திரிவதற்கு அமிலமும் சூடும் சேர்வதுதான் காரணம். காபியின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) சுமார் 5. சோயா புரதம் கட்டிப்போகத் தொடங்கும் எல்லைக்குள் அது வருகிறது. கோப்பையில் முதலில் சூடாக்கிய பாலை ஊற்றி, சற்று ஆறிய காபியை மெல்லச் சேருங்கள். 'பாரிஸ்டா' என்று விற்கும் வகைகளில் இதற்காகவே அமிலத்தைச் சமன்செய்யும் டைபொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள்.

காபியில் தொல்லையான இதே குணம் தயிருக்கு வரம். சோயா பால் தானே உறையும். கொதித்த பாலை 42 டிகிரிக்கு ஆறவிட்டு, அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி வீகன் தயிரும் கலந்து, 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சோயாவில் இல்லாததால், பாக்டீரியாவுக்குத் தீனியாகத்தான் அந்தச் சர்க்கரை. ஓட்ஸ் பாலும் பாதாம் பாலும் புளிக்கும், உறையாது; கட்டியாக வேண்டுமென்றால் மாவோ அகர் அகரோ சேர்க்க வேண்டும்.

வெள்ளை சாஸுக்கு எண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், இனிப்பில்லாத சோயா பால் அரை லிட்டர். வெனிலா வாசனைப் பாலை ஊற்றிக் கெடுப்பவர்களே அதிகம்! கிரீமுக்கு முந்திரி: 100 கிராமை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, 120 மி.லி. நீரில் மையாக அரைக்கலாம். முந்திரியில் மாவுச்சத்து உள்ளதால் சூட்டில் இறுகும். கடைசியில் சேர்த்து, உடனே இறக்கிவிடுங்கள்.

இனி உடம்பின் கணக்கு. வீட்டில் எடுத்த சோயா பாலில் 100 மி.லி.க்குக் கால்சியம் 25 மி.கி. அளவில்தான் இருக்கும், பசும்பாலில் 120. பாக்கெட் பாலில் கால்சியம் சேர்த்திருந்தாலும் அது கரையாத உப்பு, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றாவிட்டால் அது கடைசிக் கோப்பையில்தான் சேரும். கால்சியம் சல்பேட் கொண்டு உறையவைத்த டோஃபு (சோயா பன்னீர்) நல்ல துணை. பசலைக்கீரையை நம்ப வேண்டாம். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் இருப்பதால் அதன் கால்சியத்தில் சுமார் 5 சதவீதமே உடம்பில் சேர்கிறது.

பி12 விஷயத்தில் சமரசமே கிடையாது. தாவரங்கள் அதை உற்பத்தி செய்வதில்லை. ஸ்பைருலினா என்ற நுண்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய ஆண்டுகள் ஆகலாம். போதாக்குறைக்கு, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் அதிகமுள்ள உணவு, பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்பு பாதித்து கால் மரத்த பிறகே சிலர் வருகிறார்கள். பி12 சேர்த்த உணவு அல்லது மாத்திரை, இரண்டில் ஒன்று கட்டாயம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தாவரப் பாலும் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான ஃபார்முலாவுக்கோ ஈடாகாது. அரிசிப் பாலை மட்டுமே கொடுத்ததால் கடும் புரதக் குறைபாட்டுக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் பசும்பாலுக்கு மாற்று வேண்டுமென்றால், சத்தூட்டப்பட்ட, இனிப்பில்லாத சோயா பால் ஒன்றே ஓரளவு ஈடு.

லேபிளில் 'நான்-டெய்ரி' என்றிருக்கும் கிரீமரில் சோடியம் கேசினேட் இருக்கலாம். அது பால் புரதமே. 'லாக்டோஸ் ஃப்ரீ' என்பது பசும்பால்தான், சர்க்கரையை மட்டும் உடைத்திருப்பார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரண்டும் ஆபத்து. தைராய்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவர்கள், மாத்திரைக்கும் சோயா அல்லது கால்சியம் சேர்த்த பாலுக்கும் இடையே 4 மணி நேரம் விடுங்கள். காலை மாத்திரையை முழுங்கிய கையோடு சோயா காபி குடித்தால் மருந்து சரிவர உடம்பில் சேராது.