காற்று எந்தப் பக்கம் போகிறது?

தொற்றுநோயாளியைத் தனி அறையில் சேர்த்துக் கதவைச் சாத்துவது தனிமைப்படுத்தலின் தொடக்கம் மட்டுமே. செவிலியர் பணியில் அதன் முழுப்பொருள், கிருமி அடுத்தவரைச் சென்றடையும் வழி எது என்று அறிந்து அந்த வழியை அடைப்பது. நோய் இன்னதென்று தெரியுமுன்பே எல்லா நோயாளிகளிடமும் பின்பற்றும் கைத்தூய்மை, கையுறை, ஊசிகளைக் கவனமாக அப்புறப்படுத்துதல் முதலியவை பொது முன்னெச்சரிக்கைகள். அவற்றின் மேல் தொடுகை, துளி, காற்று என்ற மூன்று வழிகளுக்கான ஏற்பாடுகள் நோய்க்கேற்பச் சேரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1996-இல் வகுத்த முறை இது. சின்னம்மைக்குத் தொடுகை, காற்று இரண்டையும் அடைக்க வேண்டும். வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களைத் தடுக்கும் நம் வழக்கம் நல்லதுதான். ஆனால் கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்நோய் தொற்றத் தொடங்கிவிடுகிறது.

மூன்றில் கடினமானது காற்றுவழி. இருமலில் தெறிக்கும் சிறு துளிகள் தரையைத் தொடுமுன்பே ஈரம் வற்றி, கிருமியைச் சுமந்த நுண்துகள்களாக மிதக்கின்றன என்பதை 1930-களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் விளக்கினார். 1950-களில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த அறைக்குச் செலுத்தினர். நோயாளிகளின் அருகே வராத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைப் பெற்றவை தப்பின.

ஆகவே காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கான அறையில், உள்ளே வரும் காற்றைவிட அதிகமான காற்றை விசிறி வெளியேற்றுகிறது. அறையின் அழுத்தம் வராந்தாவைவிட 2.5 பாஸ்கல் குறைந்தாலே போதும், கதவிடுக்கில் காற்று உள்நோக்கி ஓடும். மூடிய கதவின் அடியில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்தால் அது அறைப்பக்கம் சாய வேண்டும். வெளியே சாய்ந்தால், சுவரிலுள்ள மானி எதைக் காட்டினாலும் அந்த அறையை நம்பக் கூடாது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், நோயாளி வெளியேறிய பின் 99 விழுக்காடு துகள்கள் நீங்க ஏறத்தாழ 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுமெனில் 46 நிமிடம். கட்டில் காலியாகிவிட்டதே என்று உடனே விரிப்பு மாற்ற நுழைபவருக்கும் நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசம் வேண்டும் என்பது இந்தக் கணக்கால்தான்.

இப்படிப்பட்ட அறை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பெருந்துறையில் இன்றும் சானடோரியம் என்றே வழங்கும் வளாகம் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கியது. பொதுவாகவே சானடோரியங்கள் நம்பியவை ஓய்வும் வெளிக்காற்றும். அந்த நம்பிக்கையில் பாதி வீண்போகவில்லை. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், கதவு சன்னல்களைத் திறந்துவைத்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 முறை காற்று மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் அது 40.

கொங்கில் இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, மேற்குச் சன்னல் திறந்திருந்தால் நோயாளியின் மூச்சை அப்படியே வராந்தாவுக்குத் தள்ளிவிடும். திறந்த சன்னல் கிருமியின் அடர்த்தியைக் குறைக்குமே தவிர, காற்றின் திசைக்குப் பொறுப்பேற்காது. அதனால் நோயாளியின் கட்டில் காற்று வெளியேறும் சன்னலருகிலும், செவிலியர் அமருமிடம் காற்று வரும் பக்கத்திலும் இருக்க வேண்டும். வராந்தாக் கதவு சாத்தியிருக்க வேண்டும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று திரும்பும்போது கட்டிலையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

முகக்கவசத்துக்கு வருவோம். 2020-இல் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பல முகக்கவசம் தைத்தன. ஆனால் பின்னலாடைத் துணி என்95 ஆகாது. மின்னேற்றம் பெற்ற பாலிப்ரோப்பிலீன் இழைகளை நெய்யாமல் அடுக்கியது அதன் வடிகட்டி. பெரிய துகள்கள் இழையில் நேரே மோதுகின்றன, மிகச் சிறியவை அலைந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் எளிதில் தப்புவது 0.3 மைக்ரான் அளவு என்பதால் அதை வைத்தே 95 விழுக்காட்டுத் திறனைச் சோதிக்கிறார்கள். சோப்பில் அலசினாலோ ஸ்பிரிட் தெளித்தாலோ மின்னேற்றம் போய்விடும், பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். நோயாளியை எக்ஸ்-ரே எடுக்க அழைத்துச் செல்லும்போது அவருக்குச் சாதாரண அறுவை முகக்கவசம் போதும், துளிகளைப் புறப்படும் இடத்திலேயே பிடிப்பதுதான் அதன் வேலை.

பணி முடிந்து கழற்றும்போது கையுறை, கண்ணாடி, கவுன் ஆகியவற்றை அறைக்குள்ளேயே களைய வேண்டும். என்95-ஐ மட்டும் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு, முன்பக்கத்தைத் தொடாமல், கீழ்ப்பட்டையை முதலிலும் மேல்பட்டையைப் பின்னரும் பிடித்து எடுத்துவிட்டு, கையைக் கழுவ வேண்டும்.