படித்தவர்கள் போட்ட கணக்கு

2022இல் இலங்கையில் எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் அதிகம் அடிபட்ட எண் 69 இலட்சம். 2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ பெற்ற வாக்குகள் 6,924,255. மின்சாரம் போனாலும் பால்மா தீர்ந்தாலும் அந்த 69 இலட்சம் பேருக்குத்தான் திட்டு விழுந்தது. திட்டு வாங்கியவர்களில் பலர் அதே வரிசையில், தாங்கள் யாருக்கு வாக்களித்தோம் என்று வாய் திறக்காமல், நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இருந்ததில்லை. கொழும்பில் கணக்காளராகத் தொழில் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், டியூஷன் ஆசிரியர்கள், சிறு ஏற்றுமதியாளர்கள். அவர்களில் சிங்களவர்கள் பலர் 2019இல் கோட்டாபயவின் சின்னமான தாமரை மொட்டுக்கு வாக்களித்தார்கள், அதை என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தே சொன்னார்கள். சிறிய வரிக் கழிவொன்றைக் கோரக்கூடப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக எடுத்து வருகிறவர்கள் அவர்கள். பிரசாரத்தில் மயங்கினார்கள், ஏமாற்றப்பட்டார்கள் என்று சொன்னால் அவர்களுக்கே வசதியாகப் போய்விடும். நான் கண்டவரையில் அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் ஆதரித்தார்கள். வரவு தங்கள் பக்கத்தில் இருந்தது. செலவு வேறு யாருடைய பெயரிலோ எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவர்கள் புரட்டவில்லை.

பயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்திருந்தும் அரசு எதுவும் செய்யவில்லை என்பது பிறகு வெளிவந்தபோது, நாட்டை நடத்த ஆளே இல்லை என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது. ஜனாதிபதியும் பிரதமரும் பேசிக்கொள்ளாத ஆட்சி அது. தாக்குதல் நடந்து ஒரு வாரம் முடிவதற்குள் கோட்டாபய தாம் போட்டியிடப்போவதாகச் சொன்னார். போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். பயந்துபோன மனிதருக்கு அந்த ஒரு தகுதி போதும்.

பயம் ஒரு பாதிதான். என் வாடிக்கையாளர்கள் அடிக்கடி சொன்னது நடைபாதைகளைப் பற்றி. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை, கோட்டாபய செயலாளராக இருந்த பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி மாலையில் நடக்க இடம் கிடைத்தது, பழைய குதிரைப் பந்தயத் திடல் கடைத்தெருவானது, குப்பை ஒழுங்காக அள்ளப்பட்டது. 'சொன்னால் செய்து முடிக்கிற மனிதர்' என்ற பெயர் அங்கேதான் உருவானது. அதே 2010இல் கொழும்பின் கொம்பனித்தெருவில் இராணுவம் நிற்க, ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. பிறகு நகரின் உட்பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் தெமட்டகொடைப் பக்கத்து மாடிக்குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. நடைபாதையில் ஓடியவரும் வீட்டை இழந்தவரும் ஒரே நகரத்தில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லை. ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வேன்களும் அப்படித்தான். அவற்றை மறுத்தவர்களைவிட, 'அது அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டிருக்கலாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனவர்களையே நான் அதிகம் பார்த்தேன்.

இனி அறிவுஜீவிகள். பேராசிரியர்கள், வைத்தியர்கள், தொழிலதிபர்கள், ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் சேர்ந்த 'வியத்மக' என்ற அமைப்பு கோட்டாபயவுக்காகவே இயங்கியது. அங்கே திரையில் வரைபடங்கள் ஓடின, துறைவாரியாகக் கொள்கைகள் முன்வைக்கப்பட்டன. அரசியல்வாதிகளை வெறுத்துச் சலித்த படித்த வர்க்கத்துக்கு, அரசியல்வாதி அல்லாத ஒருவர் தங்களை அழைத்து ஆலோசனை கேட்கிறார் என்பது பெரிய விஷயம். அதிகாரத்துக்கு அருகில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற ஆசையை மட்டமாக எடைபோட வேண்டாம். பணத்துக்கு மசியாதவர்களும் மதிப்புக்கு மசிவார்கள். (நாற்காலிகள் பகிரப்பட்டபோது அமைச்சுச் செயலாளர் பதவிகள் சில தளபதிகளுக்குப் போயின, சுகாதாரமும் விவசாயமும் உட்பட.)

வரி விஷயத்தில் என்னால் எண்களோடு பேச முடியும். அதுவரை மாதச் சம்பளத்தில் 100,000 ரூபாய்க்கு மேல் போனால் வரி கட்ட வேண்டும். 250,000 ரூபாய் வாங்கும் ஒரு பொறியியலாளருக்கு மாதம் 12,000 ரூபாய் பிடிக்கப்பட்டது. புதிய அரசு வந்ததும் அந்த எல்லை 250,000 ஆனது, அவருடைய வரி பூச்சியமானது. பெறுமதி சேர் வரி (VAT) 15 வீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. அதற்குப் பதிவு செய்யவேண்டிய வியாபாரத்தின் எல்லை ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்கு ஏறியது. என் அலுவலகத்தில் கோப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இனி உங்களுக்கு என்ன வேலை என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், தமிழ் வியாபாரிகளும்தான்.

இந்தச் சலுகை வானத்திலிருந்து விழவில்லை, தேர்தல் வாக்குறுதியிலேயே இருந்தது. இப்படி வரியை வெட்டினால் நாடு வங்குரோத்தாகும் என்று அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாக எச்சரித்தார். என்னிடம் வருகிறவர்களில் அதை வாசிக்காதவர் குறைவு. ஆனால் அரசின் வருமானம் குறைவது எங்கோ நடக்கிற விஷயம். 12,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் கணக்கில் தெரியும்.

2020 மார்ச் 26ஆம் திகதி, யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு தமிழர் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த இராணுவச் சார்ஜன்ட் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் விடுதலையானார். கொல்லப்பட்டவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அப்போது ஊரடங்கு. அந்த வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் கேட்டதெல்லாம் கடன் தவணை ஒத்திவைப்பைப் பற்றித்தான். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மிருசுவில் அவர்களுக்கு வெகுதூரம், அவ்வளவே.

அடுத்து ஜனாஸாக்கள், முஸ்லிம்களின் சடலங்கள். கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று இங்குள்ள நிபுணர் குழு காரணம் கொடுத்தது. பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி தளர்ந்தது. படித்தவர்களின் ஆதரவு எதற்குப் பயன்படுகிறது என்பதை இந்த விவகாரத்தில் கண்டேன். ஒரு வெறுப்புக்குப் பாமரனால் கொடுக்க முடியாத ஒன்றை அவர்கள் கொடுக்கிறார்கள்: அறிவியல் நடையில் எழுதிய ஒரு காரணம். ஆதரிப்பது என்று மனம் முன்பே முடிவெடுத்துவிட்டால், பட்டமும் வாசிப்பும் அந்த முடிவுக்கு நல்ல வழக்கறிஞர்கள்.

உரத்தடையில் கணக்கு சற்றுச் சிக்கலாகிறது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் விவசாயிகளைக் கொல்லும் சிறுநீரக நோய் உண்மையான துயரம். அதற்கு இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் காரணம் என்று நம்பிய வைத்தியர்கள் பலர். ஆகவே 2021 மேயில் அவற்றின் இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டபோது நல்ல மனதோடு கைதட்டியவர்களும் இருந்தார்கள். தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் என்று சொன்ன மாற்றம் ஒரே போகத்தில் திணிக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர்களின் எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பார் இல்லை. நவம்பரில் தடை கைவிடப்படுவதற்குள் பெரும்போக விதைப்பு கெட்டுவிட்டது. இம்முறை செலவு எழுதப்பட்டது அவருக்கு வாக்களித்த சிங்கள விவசாயியின் பெயரில். முதன்முதலாகக் கிராமங்களில் கொடும்பாவி எரிந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. ஜூலை 13ஆம் திகதி ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்களைப் பெரும்பான்மைத் தீர்ப்பில் குறிப்பிட்டது. ராஜபக்ஷ சகோதரர்கள் மூவரோடு மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் அதில் உண்டு. ஒருவர் பொருளியல் பேராசிரியர். மற்றவர் பட்டயக் கணக்காளர், என் தொழிலைச் சேர்ந்தவர்.

250,000 ரூபாய்ப் பொறியியலாளருக்கு என்ன ஆனது? 2023 ஜனவரியில் அவருடைய மாத வரி 21,000 ரூபாயானது. பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024இல் 18 வீதம். வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் 2023 மார்ச்சில் வருமான வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2020இல் வரி பூச்சியமானபோது, இந்தப் பணத்தை யார் கட்டப்போகிறார்கள் என்று கேட்டு ஒரு சங்கமும் தெருவுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இதில் மேலான இடம் ஒன்றும் கிடையாது. 2019இல் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 80 வீதத்துக்கு மேல் கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தோம், காரணம் நம் பெயரில் எழுதப்பட்ட செலவு நமக்குத் தெரிந்திருந்தது. 2010இலோ, போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பான்மை கொடுத்தோம். எதிரில் நின்ற மஹிந்த ராஜபக்ஷவைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. அப்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அடுக்கிய காரணங்களும் அழகாகத்தான் இருந்தன. 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று, தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

இப்போது யாராவது என் அலுவலகத்தில் ஒரு தலைவரைப் புகழ்ந்தால், எந்தத் தலைவரானாலும், நான் எதிர்த்து வாதாடுவதில்லை. வாதாடினால் அவர்கள் இன்னும் நல்ல காரணங்களோடு அடுத்த முறை வருவார்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன். இந்த ஆட்சியால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மைக்காக யார் விலை கொடுக்கிறார்கள்? ஒருவரையாவது, ஊரும் தொழிலும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலோர் வரிச் சீட்டைக் காட்டித் தங்களையே சொல்கிறார்கள். இன்னொருவரைச் சொல்லுங்கள் என்கிறேன். கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்குகிறவர்களும் உண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு.