குளிர் நாட்டுல, செங்குத்துப் பாறையில, திராட்சை எப்படி பழுக்குது?

"ஜெர்மனியில பாதி வருஷம் குளிர்தானே, அங்க எப்படி சார் திராட்சை பழுத்து ஒயின் ஆகுது?"ன்னு வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார். இதுக்கு பதில் சொல்ல ப்ரெம்னு ஒரு ஊரை எடுத்துக்கலாம்.

மோசல் ஆத்தங்கரையில இருக்கிற சின்ன ஊர் ப்ரெம், மொத்தம் ஆயிரம் பேர் கூட கிடையாது. ஆறு அங்க கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்புது, எதிர்க்கரையில 12-ம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச ஸ்டூபன் கன்னியர் மடத்தோட இடிஞ்ச சர்ச் நிக்குது, ஊருக்கு மேல கால்மான்ட்னு ஒரு மலைச்சரிவு, சில இடத்துல 65 டிகிரி சாய்வு, அதுல திராட்சை. ஐரோப்பாவுலயே ரொம்ப செங்குத்தான தோட்டங்கள்ல இது ஒண்ணு. இந்த ஆத்தங்கரையில ரோமானியர் காலத்துலயே திராட்சை இருந்துச்சு, 4-ம் நூற்றாண்டுல அவுசோனியஸ்ங்கிற கவிஞர் இந்த ஆத்தையும் கரையோர திராட்சையையும் பாடி வச்சிருக்கார். 1787-ல இந்தப் பகுதியை ஆண்ட ட்ரியர் பேராயர், மட்டமான ரகத்தை எல்லாம் பிடுங்கிட்டு நல்ல ரகம் நடுங்கன்னு ஆணை போட்டார், ரீஸ்லிங்ங்கிற வெள்ளைத் திராட்சை ரகம் இங்க பரவுனதுக்கு அது ஒரு முக்கிய காரணம்.

பிரச்சனையே ரீஸ்லிங்தான். ரொம்ப லேட்டா பழுக்கும், அக்டோபர்ல கூட வெயில் வேணும். ஆனா ப்ரெம் இருக்கிறது 50 டிகிரி வடக்கு அட்சரேகையில, அக்டோபர் நடுவுல உச்சி வேளையில கூட சூரியன் அடிவானத்துல இருந்து 31, 32 டிகிரிதான் ஏறும். சமதளத்துல அந்த வெயில் சாய்வா விழுந்து பரவிப் போயிடும், நேர்க்குத்தா விழுந்தா கிடைக்கிறதுல பாதிதான் ஒரு சதுர மீட்டருக்கு கிடைக்கும். அதே நேரத்துல தெற்குப் பார்த்த 60 டிகிரி சரிவுல வெயில் கிட்டத்தட்ட நேர்க்குத்தா விழுது. அப்ப சமதளத்தைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அடுத்ததுதான். இதே கணக்கை ஜூன் மாசத்துக்குப் போட்டுப் பாருங்க, சூரியன் 63 டிகிரிக்கு மேல ஏறிடுது, நேர்க்குத்தா விழுந்தா கிடைக்கிறதுல இப்ப சமதளத்துக்கு 89 சதவீதம், நம்ம சரிவுக்கு 83 சதவீதம்தான். அதாவது கோடையில சரிவு கொஞ்சம் நஷ்டப்படுது, பழம் இனிப்பு ஏத்துற மாசத்துல அள்ளிக்குது. சரிவு வருஷம் முழுக்க ஒரே மாதிரி அதிக வெயில் வாங்குதுன்னு பலரும் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, சூரியன் இறங்க இறங்கத்தான் அதோட லாபம் ஏறுது. சைன், கொசைன் தெரிஞ்ச பத்தாவது பசங்க பேப்பர்ல போட்டுப் பார்க்கலாம், அவ்ளோ அழகா வரும்.

ஆறும் கொஞ்சம் கை கொடுக்குது. சூரியன் உச்சியில இருந்தா தண்ணி 2 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், 20 டிகிரிக்கு இறங்கிட்டா 13 சதவீதம் ஆயிடும், அதுல கொஞ்சம் கரைக்குப் பக்கத்து வரிசைகளுக்குப் போய்ச் சேரும். ராத்திரி குளிர்ந்த காத்து கனமாகி கீழ இறங்கிடுறதால நடுச்சரிவுல உறைபனி பெரும்பாலும் தங்காது. தரை முழுக்க கருப்பு ஸ்லேட் பாறைச் சில்லு, பகல்ல வாங்கின சூட்டை, நம்ம மொட்டை மாடி மாதிரி, இருட்டின அப்புறமும் விட்டுக்கிட்டே இருக்கும்.

இந்த ஸ்லேட்டை வச்சு ஒரு மூடநம்பிக்கை நல்லாவே விக்குது, 'ஒயின்ல பாறையோட ருசி தெரியுது'ன்னு. வேர் பாறையை உறிஞ்சாது, தண்ணியில கரைஞ்ச அயனிகளைத்தான் எடுக்கும், அதுவும் ருசியா தெரியுற அளவுக்கு பழத்துல இருக்காது. பாறை கொடுக்கிறது சூடும் வடிகாலும். அது போதாதா? இதே மாதிரி இன்னொரு நம்பிக்கையும் ஊர்ல உண்டு: மே மாசம் 11-ல இருந்து 15 வரைக்கும் சில கிறிஸ்தவப் புனிதர்களோட திருநாள், 'பனிப் புனிதர்கள்' நாட்கள்னு பேரு, அது தாண்டினா உறைபனி வராதாம். 1582-ல காலண்டரைச் சரி பண்ண அதுல இருந்து 10 நாள் வெட்டினப்ப புனிதர்களோட தேதியும் பருவத்துல 10 நாள் முன்னாடி வந்துடுச்சு, வானிலைக்கு அது எப்படி தெரியும்?

இங்க வேலை பார்க்கிறது லேசு இல்ல. குளிர் காலத்துல கவாத்து, அப்புறம் ஒவ்வொரு கொடியும் தனித்தனி கம்பத்துல, ரெண்டு கொம்பை இதய வடிவத்துல வளைச்சுக் கட்டணும், ஈரமான நாளா பார்த்து வளைச்சாத்தான் ஒடியாது. ட்ராக்டர் ஏறாது, ஒத்தைத் தண்டவாளத்துல பல்சக்கரம் வச்ச குட்டி வண்டி ஒண்ணு ஆளையும் பழக்கூடையையும் தூக்கிட்டுப் போகும். கட்டுப்படியாகாம நிறைய பேர் விட்டுட்டுப் போனதுல கால்மான்ட்ல பெரிய பகுதி தரிசாவே கிடந்து, 2000-க்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப நட்டாங்க. இந்த மாதிரி சரிவுகள்ல பூஞ்சை மருந்து அடிக்க ஹெலிகாப்டர் வருது. அதனால பூஞ்சையைத் தாங்குற ரகம் இங்க ரொம்பத் தேவை. கைல்வைலர்ஹோஃப் ஆராய்ச்சி நிலையத்துல 1967-ல கலப்பு செஞ்ச ரீஜென்ட் ரகம் விவசாயி கைக்கு வந்ததே 1990-கள்ல. நட்ட கொடி ஒழுங்கா காய்க்கவே மூணு வருஷம் ஆகுது, அதனால மூணு வருஷத்துக்கு மட்டும் காசு கொடுத்துட்டு ரிசல்ட் கேட்கிற ஆராய்ச்சி நிதித் திட்டத்துல, புது ரகம் உருவாக்குற இந்த வேலையை ஆரம்பிக்கவே முடியாது.