"டொக்டர், நாடி அடிக்குதே?"

மாரி தொடங்கினால் எங்கள் வார்டுக்கு எட்டடி விரியன் (கட்டுவிரியன்) பாம்புக்கடி வரத் தொடங்கும். வயல் காவலுக்குப் போய், கொட்டிலில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான் அநேகம். அப்படி ஒருவரை ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். இரவு ஏதோ கடித்திருக்கிறது. வலியோ வீக்கமோ இல்லாததால் எறும்பென்று திரும்பிப் படுத்துவிட்டார். பிறகு வயிற்றுவலி, அப்புறம் இமையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சும் நின்றுவிட்டது. மனைவி தலையில் அடித்து அழ, மகன் மட்டும் மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டான்: "டொக்டர், நாடி அடிக்குதே?"

சரியான கேள்வி. மூச்சு நின்றும் நாடி அடித்துக்கொண்டுதான் இருந்தது. இமை, கைகால், மூச்சை இழுக்கும் பிரிமென்றகடு எல்லாம் வன்கூட்டுத் தசைகள், அதாவது நாம் நினைத்து அசைக்கக்கூடியவை. நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கொலின் என்ற இரசாயனம் வந்தால்தான் சுருங்கும். இந்த விரியனின் நஞ்சு சிதைப்பது அந்த நுனிகளைத்தான். இதயத் தசை அந்த உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இதயத்தின் வலது சோணையறையிலுள்ள (மேலறை) கணு தானே மின்துடிப்பை எழுப்பும். அது கலத்துக்குக் கலம் பாயும். நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒட்சிசன் இல்லாமல் இதயமும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வன்கூட்டுத் தசையின் மின்துடிப்பு 2 முதல் 5 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். அதனால் சுருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இதயத்தில் அது 200 முதல் 300 மில்லிசெக்கன் நீளும். அது முடியும்வரை அடுத்த துடிப்பை ஏற்காது. தளர்ந்து இரத்தம் நிரம்பியாக வேண்டுமே! ஆகவே இதயம் கால்போல் பிடித்துக்கொள்வதில்லை. நெஞ்சை இறுக்கும் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது இரத்தம் போதாத தசையின் வலியாக இருக்கலாம்.

விரியன் கடிக்கு வருவோம். விஷமுறிவு மருந்து ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனியைத் திருத்தாது. அதனால் மந்திரித்துப் பார்வை பார்க்கப் போய் நேரத்தைக் கழிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நிலத்தில் படுக்காதீர்கள், நுளம்புவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள்.

அவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்தோம். நுனிகள் மீள வளரும்வரை நாட்கணக்கில் காத்திருந்தோம். ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் மனைவியைப் பார்த்து, கரகரத்த குரலில் சொன்னார்: "நீ அழுதது கேட்டது. விரலைத்தான் அசைக்க ஏலாமல் போச்சு."