மணிக்குள் நுழையாத வைரஸ்

நோயாளியின் நோயெதிர்ப்பு செல்களான டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்கவைப்பது கார்-டி சிகிச்சை. அதில் டி செல்லுக்குள் புதிய மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் லென்டிவைரஸிடம்தான் ஒப்படைக்கிறார்கள். பல்லைப் பிடுங்கிய எச்ஐவி என்று அதைச் சொல்லலாம். செல்லுக்குள் நுழையும், மரபணுவை அங்குள்ள டிஎன்ஏவில் கோக்கும், ஆனால் அங்கே பெருகாது. "வளர்ப்பது சரி, வளர்த்த குழம்பிலிருந்து வைரஸை மட்டும் எப்படித் தனியே எடுக்கிறார்கள்? வடிகட்டினால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

போதாது. 0.45 மைக்ரான் வடிகட்டியில் செல்களும் அவற்றின் சிதிலங்களும் நின்றுவிடும். செல்கள் கசியவிட்ட புரதங்கள், டிஎன்ஏ துண்டுகள், வளர்ப்பூடகத்தின் மிச்சம் எல்லாம் வைரஸோடு சேர்ந்தே இறங்கிவிடும். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்து தயாரிப்பவர்களுக்கு இங்கே பெரிய வசதி உண்டு. பிஎச் 3.5 வரை அமிலமாக்கலாம், டிடர்ஜென்ட் சேர்க்கலாம், 20 நானோமீட்டர் வடிகட்டியில் விடலாம். அவை எல்லாமே வைரஸை ஒழிக்கும் வழிகள். வைரஸே மருந்து என்னும்போது அந்தக் கருவிப்பெட்டியை மூடிவைக்க வேண்டியதுதான்.

லென்டிவைரஸின் மேலுறை, தான் பிறந்த செல்லிடமிருந்து கிள்ளிக்கொண்டு வந்த கொழுப்புச் சவ்வு. அதுதான் அதன் பலவீனம். 37 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் பாதி வைரஸ் தொற்றும் திறனை இழந்துவிடும். அந்தக் கணக்கில், பம்ப் பழுதாகி அறுவடைத் தொட்டி 3 மணி நேரம் கதகதப்பாகவே கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு காலி. அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது, அதிக உப்பும் ஆகாது. குழாயில் காற்றுக்குமிழி புகுந்து நுரைத்தால், குமிழியின் பரப்பில் ஒட்டியே கொஞ்சம் செத்துப்போகும்.

இப்படிப்பட்ட ஒன்றைப் பிரித்தெடுக்க நமக்கிருக்கும் நல்ல வழி குரோமட்டோகிராபி. தமிழில் வண்ணப்பிரிகை. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ட்ஸ்வெட் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத்தூள் அடைத்த குழாயில் விட்டு நிறமிகளைப் பிரித்துக் காட்டிய காலத்திலிருந்து, அதாவது 1900களின் தொடக்கத்திலிருந்து, தத்துவம் மாறவில்லை. ஒட்டுவது தங்கும், ஒட்டாதது ஓடும். வைரஸுக்குப் பெரும்பாலும் அயனிப் பரிமாற்ற வகை. நடுநிலை பிஎச்சில் வைரஸின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. தூணுக்குள், அதாவது திரவம் ஓடும் அந்தக் குழாய்க்குள், நேர்மின்னூட்டமுள்ள அமோனியக் குழுக்கள் இருந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசலை விட்டால் குளோரைடு அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு வைரஸை வெளியேற்றும். பள்ளிப் பாடம்தான்.

பாடத்தில் வராதது தூணுக்குள் என்ன அடைத்திருக்கிறது என்பது. புரதங்களுக்கான ரெசின் என்பது 50 முதல் 100 மைக்ரான் வரை விட்டமுள்ள மணிகள். ஒவ்வொரு மணியும் பஞ்சுபோல் உள்ளெல்லாம் துளை. ஒரு மில்லிலிட்டர் ரெசினில் இந்தத் துளைச் சுவர்களை விரித்துப்போட்டால் பல சதுர மீட்டர் வரும். புரதம் உள்ளே போய் அந்தப் பரப்பு முழுவதிலும் உட்கார்ந்துகொள்ளும். எதிர்ப்பொருள் சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள பொருள், துளைகள் அதைவிடப் பல மடங்கு அகலம், சிக்கலே இல்லை. லென்டிவைரஸோ சுமார் 100 நானோமீட்டர். துளையின் வாசலோடு சரி. மணியின் வெளித்தோல் மட்டும்தான் அதற்குக் கிடைக்கும். 90 மைக்ரான் மணிகள் என்றால், ஒரு மில்லிலிட்டருக்கு அந்த வெளித்தோல் அரைச் சதுர அடிகூடத் தேறாது. வாங்கிய ரெசினில் நூறில் ஒரு பங்குகூட வைரஸுக்குப் பயன்படுவதில்லை. மிச்ச இடத்தையெல்லாம் நாம் வேண்டாம் என்று நினைக்கும் புரதங்கள் சொகுசாகப் பிடித்துக்கொள்கின்றன.

அந்த வெளித்தோலுக்கு வந்து சேர்வதும் லேசல்ல. திரவத்தில் ஒரு துகள் எவ்வளவு வேகமாக அலையும் என்பது அதன் அளவுக்குத் தலைகீழ் விகிதம். பத்து மடங்கு பெரிய வைரஸ் பத்து மடங்கு மெதுவாகத்தான் அலையும். மணிகளுக்கு இடையிலுள்ள சந்தின் நடுவிலிருந்து சுவருக்குச் சுமார் 15 மைக்ரான் தூரம். 100 நானோமீட்டர் துகள் அதைத் தானாக அலைந்து கடக்க ஏறக்குறைய 25 வினாடி ஆகும். ஓட்டத்தைக் கூட்டினால் சுவரைத் தொடுவதற்குள் தூணைவிட்டே போய்விடும். குறைத்தால் பல மணி நேரம் இழுக்கும், கடிகாரம் வைரஸைத் தின்னும்.

மோனோலித் என்பதன் அழகு இங்கேதான். மணிகளே கிடையாது. தூண் முழுவதும் ஒரே துண்டு பாலிமர். அதன் ஊடாக 1.5 மைக்ரான் அகலத்தில் ஒன்றோடொன்று இணைந்த கால்வாய்கள். போய் முட்டிநிற்கும் முட்டுச்சந்து ஒன்றும் இல்லை, திரவம் எல்லாக் கால்வாய் வழியாகவும் ஓடியே ஆக வேண்டும். வைரஸ் சுவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நடுவிலிருந்து சுவருக்கு முக்கால் மைக்ரான், முன்பைவிட இருபதில் ஒரு பங்கு. அலையும் நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும், ஆக நானூறில் ஒரு பங்கு: பத்தில் ஒரு வினாடிகூட ஆகாது. அதனால் ஓட்டத்தைக் கூட்டினாலும் பிடிக்கும் அளவு அவ்வளவாகக் குறைவதில்லை.

இதைப் பெரிதாக வார்ப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. பாலிமராகும் வினை வெப்பம் உமிழும். தடித்த கட்டியாக வார்த்தால் நடுப்பகுதி சூடேறி அங்கே துளைகள் வேறு அளவில் அமைந்துவிடும். அதனால் மெல்லிய சுவர்கொண்ட குழாய்களாக வார்த்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினார்கள். திரவம் மேலிருந்து கீழே போகாமல் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி ஓடும்.

கொள்கையை நேரெதிராகத் திருப்பிப்போடும் மணிகளும் உண்டு. வெளித்தோலில் ஒட்டும் குழுவே இருக்காது, மணியின் உட்பகுதியில் மட்டும் இருக்கும். 700 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) குறைவான புரதங்கள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், வைரஸ் எதிலும் ஒட்டாமல் கடந்துபோகும். நுழைய முடியாமையையே பயனாக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அயனிப் பரிமாற்றத்துக்கே வருவோம். குழம்பைத் தூணில் ஏற்றுவதற்கு முன்னால் டிஎன்ஏவை வெட்டியாக வேண்டும். டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் கொண்டது, வைரஸின் நாற்காலியில் அதுவே உட்கார்ந்துவிடும். அதை வெட்டும் நொதியான நியூக்ளியேஸ் மில்லிலிட்டருக்கு 50 யூனிட், கூடவே 2 மில்லிமோலார் மக்னீசியம். பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தால் அது மக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும், நொதி சும்மா நிற்கும். ஏற்றும்போது தூணின் முன் அழுத்தம் படிப்படியாக ஏறினால், வெட்டுப்படாத டிஎன்ஏவோ திரண்டுபோன துகள்களோ வாயை அடைக்கின்றன என்று முதலில் சந்தேகிக்கலாம்.

ஏற்றுவது உடலின் உப்பளவில், சுமார் 0.15 மோலாரில். 0.3 மோலாரில் கழுவினால் தளர்வாக ஒட்டிய புரதங்கள் போய்விடும். வைரஸ் இறங்க 0.6 முதல் 1 மோலார் வரை தேவைப்படும். 1 மோலார் உப்பு என்பது உடல் திரவத்தைப்போல் ஏழு மடங்கு ஊடுபரவல் அழுத்தம், சவ்வுக்குள்ளிருந்து நீரை உறிஞ்சிவிடும். அதனால் சரிவாக ஏற்றாமல் ஒரே படியாக உப்பைக் கூட்டுவதே என் தேர்வு. வெளிவரும் திரவம், உப்பில்லாத பஃபர் ஏற்கெனவே காத்திருக்கும் பாத்திரத்தில் விழ வேண்டும். "சேகரித்து முடித்தபின் நீர்க்கவைக்கலாம்" என்பது சோம்பேறித்தனம், அதற்கு விலை உண்டு. ஒட்டியபடி நெடுநேரம் கிடந்தாலும் ஆபத்துதான். வைரஸ் ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை. நேரம் ஆக ஆகப் பல புள்ளிகளில் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்த உப்புக்கும் அசையாது.

ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் மீட்டாலும் ஐந்து படி கடந்தால் கையில் இருப்பது 33 சதவீதம். ஆய்வுப் பணம் புது வைரஸ் வடிவமைப்புக்குப் பாய்வதில் கால்வாசியாவது இந்த ஓட்டைகளை அடைக்க வந்தால் சிகிச்சையின் விலையே குறையும் என்பது என் கட்சி.

மீட்பு என்றாலே எதை எண்ணினீர்கள் என்று கேட்க வேண்டும். வைரஸின் உள்ளோட்டில் இருக்கும் பி24 புரதத்தை அளந்தால் உயிருள்ளது, செத்தது, உடைந்தது எல்லாம் சேர்ந்து வரும். நல்ல சரக்கிலேயே நூறு துகளுக்கு ஒன்றுதான் செல்லைத் தொற்றும். பி24 கணக்கில் 80 சதவீதம் என்று காட்டும் அதே தூண், செல்லில் தொற்றவிட்டுப் பார்த்தால் 25 சதவீதம் காட்டக்கூடும். அப்போது ஒட்டாமல் ஓடியது, கழுவியது, இறக்கியது, கடைசியாகச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தூணைச் சுத்தம் செய்தது என நான்கு திரவத்தையும் எடுத்துவைத்து பி24ஐ அளக்க வேண்டும். இறக்கியதில் தொற்றும் திறனையும் பார்க்க வேண்டும். பி24 முதல் திரவத்திலேயே ஓடியிருந்தால் தூண் நிரம்பிவிட்டிருக்கலாம். ஹைட்ராக்சைடில் வந்தால் வைரஸ் ஒட்டியே கிடந்திருக்கிறது. இறக்கிய திரவத்தில் பி24 நிறைய இருந்தும் செல்லில் தொற்றவில்லையென்றால், உப்பிலோ காத்திருப்பிலோ நீங்களே கொன்றிருக்கிறீர்கள்.