மன்றோ நடத்தியது ஆய்வா, கணக்கெடுப்பா?

போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றிய பேச்சு. பேசியவர் நன்றாகத்தான் பேசினார். நடுவில், "1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கல்வி பற்றி விரிவான ஆய்வு மேற்கொண்டார்" என்றார். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "மன்றோ எத்தனை பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார் சார்?" என்று கேட்டார். மேடையில் பதில் வரவில்லை.

அந்த மாணவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆய்வு என்று காதில் விழுந்தால், யாரோ போய் உட்கார்ந்து, பார்த்து, விசாரித்து, குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். மன்றோவின் உத்தரவுப்படி நடந்த வேலை அது இல்லை. ஆனாலும் கையேடுகளில், தேர்வு வழிகாட்டிகளில், மொழிபெயர்ப்புகளில் 'மன்றோவின் கல்வி ஆய்வு' என்றே படித்துப் படித்துச் சலித்துவிட்டது. 'சர்வே' என்று ஆங்கிலத்தில் பார்த்த உடனே 'ஆய்வு' என்று கை தானாக எழுதிவிடுகிறது.

முதலில் 'சர்வே'. லத்தீனில் 'மேலே' என்பதும் 'பார்' என்பதும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மேலிருந்து முழுவதையும் ஒரு பார்வை பார்ப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். நம் ஊருக்கு அது நிலத்தோடு வந்தது. 1802இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். சர்வே கல், சர்வே நம்பர் எல்லாம் இன்றைக்கும் கிராமத்துப் பேச்சில் இருக்கின்றன. நிலத்துக்கு 'நில அளவை' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நிலத்தை விட்டு மனிதர்களையும் பள்ளிகளையும் தொகுக்கும் வேலைக்கு வரும்போதுதான் தகராறு.

'ஆய்' என்பது நல்ல தமிழ் வேர். தொல்காப்பியம் உரியியலில் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்று நான்கைச் சேர்த்து, அவை 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. இருக்கும் ஒன்றை நுணுக்கமாக்குவது ஆய்தல். வீட்டில் கீரை ஆய்கிறோமே, அதுதான் இந்தச் சொல்லுக்குச் சரியான படம்: ஒவ்வொரு தண்டாகக் கையில் எடுத்து, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டு, பூச்சி அரித்ததை ஒதுக்குவது. சந்தையில் இத்தனை கட்டுக் கீரை வந்து இறங்கியது என்று எண்ணிச் சொல்வதை ஆய்தல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த இரண்டாவது வேலைக்குத் தமிழில் 'கணக்கு' இருக்கிறது. கணி, கணியன், கணக்கன், கணக்குப்பிள்ளை என்று பெரிய குடும்பம். வடமொழிச் சொற்களோடு அதற்கு என்ன உறவு என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழந்தமிழில் கணக்கு என்றால் எண் மட்டும் இல்லை, நூலும் கணக்குத்தான். பதினெண்கீழ்க்கணக்கு என்கிறோமே. அதனால் எழுத்தும் நூலும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்குக் 'கணக்காயர்' என்றே பெயர். நன்மை தராத மூன்றைச் சொல்ல வந்த திரிகடுகப் பாட்டு ஒன்று 'கணக்காயர் இல்லாத ஊரும்' என்றுதான் தொடங்குகிறது. எந்த ஊரில் கணக்காயர் இருக்கிறார், அவரிடம் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணிய வேலைக்குக் 'கணக்கெடுப்பு' என்பதைவிடப் பொருந்தும் சொல் வேறு எங்கே கிடைக்கும்?

சரி, நடந்தது என்ன என்று பார்ப்போம்.

1822 ஜூன் 25ஆம் தேதிய குறிப்பில் மன்றோ தன் காரணத்தைச் சொல்கிறார். இந்நாட்டு மக்களின் அறியாமையைப் பற்றி இங்கிலாந்திலும் இங்கேயும் நிறைய எழுதுகிறார்கள். எல்லாம் தனிமனிதர்களின் ஊகம். ஆதாரம் எதுவும் கிடையாது. நிலத்தையும் வேளாண்மையையும் அளந்துவிட்டோம், மக்கள்தொகையை அறியவும் முயன்றோம், கல்வியின் நிலையை அறிய மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை என்பது அவர் வாதம். கவனியுங்கள்: 'சர்வே' என்ற சொல்லை அவர் அங்கே நிலத்துக்கும் வேளாண்மைக்கும்தான் வைத்தார். பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை அவர் கேட்டது ஒரு பட்டியல். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் மாவட்டத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றிலும் மாணவர் எத்தனை பேர், அவர்கள் என்ன சாதி. அதோடு, பள்ளிகளில் தலையிடும் எண்ணமே தனக்கு இல்லை, மக்கள் தங்கள் பள்ளிகளைத் தங்கள் விருப்பப்படி நடத்திக்கொள்ள விட்டுவிட வேண்டும் என்றும் எழுதினார்.

தலையிடாதே, எண்ணிக்கையை மட்டும் அனுப்பு என்பதுதான் உத்தரவு. இதற்குப் போய் ஆய்வு என்று பெயர் வைத்தால், அவர் வேண்டாம் என்று சொன்னதையே அவர் செய்ததாக எழுதிவிடுகிறோம்.

ஜூலையில் வருவாய் வாரியம் கலெக்டர்களுக்குச் சுற்றறிக்கையும் கட்டம் போட்ட படிவமும் அனுப்பியது. பதில்கள் வந்து சேர ஆண்டுகள் ஆயின. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்து, 1826 மார்ச் 10ஆம் தேதிக் குறிப்பில் மன்றோ முடிவைச் சொன்னார்: மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படிப்பவர்கள் 1,88,650. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. கனரா மாவட்டம் மட்டும் கட்டத்தை நிரப்பி அனுப்பவில்லை.

இதில் ஆய்வு என்று சொல்லத் தக்கது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய நீண்ட பதில். 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள் என்ற எண்ணோடு அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் எந்த வயதில் சேர்கிறார்கள், மணலில் எப்படி எழுதிப் பழகுகிறார்கள், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பொருள் விளங்காத செய்யுள் நடையை எப்படி ஒப்பிக்கிறார்கள் என்று விரித்து எழுதினார். நாடு ஏழையாகிவிட்டதால் பெற்றோர்களால் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை என்றும், நெசவுத் தொழில் விழுந்ததை அதற்கு ஒரு காரணமாகவும் சொன்னார். இதுதான் கீரை ஆய்ந்த வேலை. மற்றவர்களில் சிலரும் குறிப்புகள் சேர்த்தார்கள் என்றாலும், பெரும்பாலும் நடந்தது படிவம் நிரப்பியதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கேம்ப்பெல் கூடுதலாகச் செய்த வேலை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆய்வு என்ற சொல் படும் பாட்டைப் பாருங்கள். 1854இல் இந்தியாவில் கல்வியை எப்படி நடத்துவது என்று லண்டனிலிருந்து வுட்டின் அறிக்கை வந்தது. கல்வித் துறை அமைந்தது, பள்ளிகளுக்கு மானியம் வந்தது, மானியத்துக்கு ஈடாக மேலதிகாரி வந்து பார்க்கும் முறையும் வந்தது. அந்த அதிகாரியைத் தமிழ்நாட்டில் 'ஆய்வாளர்' ஆக்கினோம். அவர் செய்வதும் ஆய்வு. 1882இல் ஹண்டர் தலைமையில் குழு அமைந்து மாகாணம் மாகாணமாகச் சாட்சியம் கேட்டது, அதுவும் ஆய்வு. 1822இல் எண்ணியதும் ஆய்வு. பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காகச் செய்வது ஆய்வு. மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் கூட்டுவது ஆய்வுக் கூட்டம். காவல் நிலையத்தில் இருப்பவரும் ஆய்வாளர். அறுபது ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு செயல்கள்: எண்ணினார்கள், பார்வையிட்டார்கள், விசாரித்தார்கள். இந்த மூன்றின் வழியாகத்தான் அரசு பள்ளிக்கூடத்துக்குள் படிப்படியாகக் கால் வைத்தது. தமிழில் படிக்கும் மாணவருக்கு அந்தப் படிகள் தெரிவதே இல்லை. எல்லாம் ஒரே ஆய்வு.

இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். பள்ளிகளைப் பார்வையிட வந்தவரை அங்கே வித்தியாதரிசி என்றார்கள். வடசொல்தான், தனித்தமிழ் நண்பர்களுக்குப் பிடிக்காது. ஆனால் கல்வியைப் பார்ப்பவர் என்று பொருள் தெளிவாக நிற்கிறது, வேறு யாரோடும் குழம்பாது. குழம்பாத வடசொல்லா, குழப்பும் தமிழ்ச்சொல்லா என்று கேட்டால் நான் முதலாவதன் பக்கம்தான். இரண்டும் வேண்டாம், தெளிவான தமிழ்ச்சொல் இருக்கிறது என்னும்போது கேள்வியே எழக் கூடாது.

ஆய்வு போதவில்லை என்று உணர்ந்த சிலர் 'அளவாய்வு' என்று எழுதுகிறார்கள். அளவையும் ஆய்வையும் ஒட்ட வைத்த சொல். படிப்பவருக்கு இது அளந்ததா, ஆய்ந்ததா, ஆய்வின் அளவா என்று எதுவும் புலப்படாது. இந்தச் சொல்லை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆண்டுதோறும் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடுகிறார்களே, அப்போது வாசலில் நிற்கும் அம்மா உள்ளே பார்த்து என்ன சொல்கிறார்? "கணக்கெடுக்க வந்திருக்காங்க." ஊரே சொல்லும் சொல்லை விட்டுவிட்டு எங்கே போய்த் தேடுகிறோம்?

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. கணக்கெடுப்பு என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வைத்துவிட்டோம். அது ஒருவர் விடாமல் எண்ணுவது. சர்வே என்பது சில சமயம் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பார்ப்பது. ஆகவே வேறு சொல் வேண்டும் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு ஒரு அடைமொழி போதும். மாதிரிக் கணக்கெடுப்பு, சாதிவாரிக் கணக்கெடுப்பு, பள்ளிக் கணக்கெடுப்பு என்று எதைச் சேர்த்தாலும் நிற்கிறது. மக்களின் எண்ணத்தைக் கேட்டால் கருத்துக்கணிப்பு. பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்க வினாத்தாள் கொடுத்தால், ஆங்கிலத்தில் அதற்கு சர்வே என்று பெயர் இருந்தாலும், ஆசிரியர்கள் அதை அடைவுத் தேர்வு என்கிறார்கள். ஆங்கிலப் பெயரைப் பார்க்காமல் நடக்கும் செயலைப் பார்த்தார்கள். அதனால் சொல் சரியாக விழுந்தது. மேலும் மன்றோ கேட்டது மாதிரி இல்லை, எல்லாப் பள்ளிகளையும். அந்த வாதத்தின்படியே பார்த்தாலும் அது கணக்கெடுப்புத்தான்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சண்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கு வங்காளத்தைக் காட்டுகிறேன். அங்கே கல்வியின் நிலையை அறிய அரசு நியமித்த வில்லியம் ஆடம், 1835இல் தன் முதல் அறிக்கையில் வங்காளம், பீகார் பகுதியில் 1,00,000 பள்ளிகள் இருக்கலாம் என்று எழுதினார். அது ஏற்கெனவே இருந்த தாள்களை வைத்து, இத்தனை கிராமங்களுக்கு இத்தனை பள்ளி என்று போட்ட மதிப்பீடு. அடுத்து ராஜ்ஷாஹி மாவட்டத்தில் நாட்டோர் என்ற பகுதிக்கு நேரில் போனார். 485 கிராமங்களில் தொடக்கப் பள்ளிகள் 27. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்த குடும்பங்கள் 1,588. அதுதான் கள ஆய்வு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் ஆடம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதுபோல் ஆகிவிடும்.

1931 அக்டோபரில் லண்டனில் காந்தி, ஐம்பது அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று இந்தியாவில் எழுத்தறியாமை கூடுதல் என்று பேசினார். ஆங்கிலேயக் கல்வியாளர் பிலிப் ஹார்டாக் ஆதாரம் கேட்டார். அந்தத் தகராறில் இந்தப் பழைய எண்கள் எல்லாம் மறுபடி மேசைக்கு வந்தன. எது எண்ணியது, எது ஊகித்தது என்பதில்தான் வழக்கே நின்றது. மன்றோவின் குறிப்புக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கிறது. பள்ளி வயதுச் சிறுவர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்பது பள்ளிக் கணக்கை வைத்துச் சொன்னது. வீட்டில் படிப்பவர்களுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. சென்னை நகரத்தில் மட்டும் அப்படி 26,000க்கு மேல் என்று தகவல் வந்தபோது, அதையும் மனத்தில் வைத்து, உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இருக்கும் என்றார். முதலாவது கணக்கு, இரண்டாவது மதிப்பீடு. 'மன்றோ ஆய்வின்படி மூன்றில் ஒருவர் படித்தனர்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், அவர் இவ்வளவு பொறுப்பாகப் பிரித்து வைத்ததை ஒரு வரியில் கலைத்துவிடுகிறார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 'ஆய்வு' வந்தால் கூடவே 'மேற்கொள்ளப்பட்டது' வந்துவிடுகிறது. யார் மேற்கொண்டார், எப்படி என்று ஒன்றும் தெரியாது. கணக்கெடுப்பு என்று எழுதிப் பாருங்கள், உடனே கேள்வி வரும்: யார் எடுத்தது? பதிலாகக் கலெக்டரும் தாசில்தாரும் கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் வரிசையாக வாக்கியத்துக்குள் வந்து நிற்பார்கள். நல்ல சொல் அடுத்த சொல்லையும் திருத்திவிடும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட மாணவரிடம் வெளியே வந்ததும் பேசினேன். அவர் கையில் இருந்த கையேட்டிலும் அதே 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது'தான். அதன் ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "1822இல் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் எண்ணி அனுப்பினார்கள். பெல்லாரியிலிருந்து ஆய்வும் சேர்ந்து வந்தது. கனராவிலிருந்து கணக்கு வரவில்லை."