கடைக்கே வராத கருவி கடையில் இருந்த கருவியை வீழ்த்தியது எப்படி?

1999 செப்டம்பர் 9 அன்று செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் என்ற கன்சோல், அதாவது டிவியில் இணைத்து வீடியோ கேம் விளையாடும் கருவி, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல் விற்றது. அந்தக் காலத்துக்கு அது அசத்தலான கருவி. இணையத்தில் விளையாட மோடம் உள்ளேயே இருந்தது. நல்ல கேம்களும் முதல் நாளே கிடைத்தன. ஆனாலும் 2001 ஜனவரி கடைசியில், இனிமேல் அதைத் தயாரிக்கப்போவதில்லை என்று செகா அறிவித்துவிட்டது. உலகம் முழுக்க விற்றது ஏறக்குறைய 90 லட்சம்தான். அதைத் தோற்கடித்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, அந்த செப்டம்பரில் உலகில் எந்தக் கடையிலும் கிடையாது.

இல்லாத பொருள் இருக்கிற பொருளை எப்படி வீழ்த்தும்? 1999 மார்ச்சிலேயே சோனி பிளேஸ்டேஷன் 2 பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. அதன் சிப்புக்கு ‘எமோஷன் எஞ்சின்’ என்று பெயர் வைத்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் இதில் ஓடும் என்றார்கள். டிவிடி படமும் பார்க்கலாம் என்ற செய்தி அடுத்து வந்தது. இதையெல்லாம் கேட்டவர்களில் பலர், கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். ஹைப், அதாவது பொருள் வரும் முன்பே கிளப்பிவிடப்படும் பரபரப்பு, பெரும்பாலும் வேலை செய்வது இப்படித்தான். நம்மை உடனே வாங்க வைப்பதைவிட, போட்டியாளரின் பொருளை வாங்காமல் காத்திருக்க வைக்கிறது.

ஆனால் வாடிக்கையாளரைவிட ஹைப் அதிகமாக அசைத்துப் பார்ப்பது கேம் தயாரிக்கும் ஸ்டுடியோக்களை. கேம் இல்லாத கன்சோல் வெறும் டப்பா. வாங்க ஆள் இல்லாத கன்சோலுக்கு யாரும் கேம் தயாரிக்கவும் மாட்டார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், பெரிய கேம் ஒன்றை முடிக்கப் பல வருடங்கள் பிடிக்கும். கன்சோல் வரும்போதே கேமும் தயாராக இருக்க வேண்டுமானால், அது ஒன்றுகூட விற்காத நிலையிலேயே ஸ்டுடியோ பணத்தை இறக்கியாக வேண்டும். முடிவெடுக்கிறவர் கையில் அப்போது விற்பனைக் கணக்கு எதுவும் இருக்காது. சோதனைக் கருவி, நிறுவனத்தின் வாக்குறுதி, பத்திரிகைகளின் பேச்சு, மற்ற ஸ்டுடியோக்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்ற ஊகம், இவ்வளவுதான். டிரீம்காஸ்டுக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் ஒரு கேம்கூடத் தரவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனம் ஒதுங்கினால், மற்றவர்களும் யோசிக்கத்தானே செய்வார்கள்?

மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷாப்பிரோ என்ற பொருளாதார அறிஞர்கள் 1985-இல் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் காட்டினார்கள். ஒரு பொருளின் பயன் அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றால், வாங்குபவர் இன்றைய எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நாளைய எண்ணிக்கையை ஊகித்து வாங்குகிறார். எல்லோரும் ஒரே பக்கம் ஊகித்தால் அந்த ஊகமே உண்மையாகிவிடும். ‘மற்றவர்களும் இதைத்தான் வாங்கப்போகிறார்கள்’ என்று ஒவ்வொருவரையும் நம்ப வைப்பதுதான் ஹைப்பின் வேலை.

அந்த நம்பிக்கை ஊறுவதற்குக் காலம் வேண்டும். 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. செகாவின் சாட்டர்ன் கன்சோல் அமெரிக்காவில் செப்டம்பரில் வருவதாகத்தான் திட்டம். ஆனால் செகா மேடையேறி, இன்றே விற்பனைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர் என்று அறிவித்தது. எல்லோரையும் முந்திவிடலாம் என்ற கணக்கு. நடந்தது வேறு. செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த ஸ்டுடியோக்களிடம் கேம் தயாராக இல்லை. சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து, முதல் பிளேஸ்டேஷனின் டாலர் விலையாக “299” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் அதிர்ந்தது. என் பார்வையில், கன்சோல் வரலாற்றிலேயே மிகச் சிக்கனமான விளம்பரம் அதுதான்.

சரி, சத்தம் போட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1993-இல் 3டிஓ கன்சோலைப் பத்திரிகைகள் கொண்டாடின. விலை 700 டாலர் என்றதும் ஆட்கள் விலகிப்போனார்கள். 2013-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் அறிமுகமானபோது பேச்சுக்குக் குறைவே இல்லை. ஆனால் பேசியதெல்லாம், ஏற்கெனவே ஒருவர் விளையாடிய டிஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுப்பதில் வைத்த கட்டுப்பாடுகளையும், இணைய இணைப்பு கட்டாயம் என்பதையும் பற்றித்தான். கன்சோல் வெளிவரும் முன்பே, ஜூன் மாதத்திலேயே, மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. விதியைத் திரும்பப் பெறலாம். பரவிய எண்ணத்தைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் நின்டெண்டோ நிறுவனம். 2011-இல் வீ யூ என்ற கன்சோலைக் காட்டியபோது, திரை வைத்த கன்ட்ரோலரையே முன்னிறுத்தினார்கள். இது புதுக் கன்சோலா, வீ என்ற பழைய கன்சோலுக்கு ஒரு துணைக்கருவியா என்று பலருக்குப் புரியவில்லை. கடைசியில் விற்றது சுமார் 1.35 கோடி. 2016 அக்டோபரில் ஸ்விட்ச் என்ற அடுத்த கன்சோலைப் பற்றி ஒரு சின்ன வீடியோ விட்டார்கள். டிவியில் விளையாடிக்கொண்டிருப்பவர் கருவியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போய் அதே ஆட்டத்தைத் தொடர்கிறார். பார்த்த உடனே புரிந்தது. ஐந்து மாதத்துக்குள் கடைக்கும் வந்துவிட்டது. விற்பனை 15 கோடியைத் தாண்டியது. கையோடு கொண்டுபோகும் வசதிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் இதைக் கவனியுங்கள்: வீ யூ-வில் சுமார் 85 லட்சம் பிரதிகள் விற்ற மரியோ கார்ட் 8 என்ற கேம், சில சேர்க்கைகளோடு ஸ்விட்சுக்கு மாறியபோது 6 கோடிக்கு மேல் விற்றது.